பட்டுக்கு ஒரு பரீட்சை

"ஒரே ஒரு நூலுதான் மாமா. கொளுத்திப் பாத்தா தெரிஞ்சிரும், பட்டா பிளாஸ்டிக்கான்னு!"

நிச்சயத் தட்டில் இருந்த சேலையைக் காட்டி ரேணுகா இப்படிச் சொன்னதும், கூடத்தில் எல்லோரும் தட்டைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நீலகிரி மலையில், பிக்கட்டி கிராமத்தில் சிவகுருவின் வீடு. அவர் மகள் கலைமதிக்கும், தேயிலை லாரி ஓட்டும் கமலேஷுக்கும் அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டுச் சேலையை உடுத்திக்கொண்டு பெண் வந்து நின்றால், தட்டு மாற்ற வேண்டியதுதான் பாக்கி.

ரேணுகா கலைமதியின் சித்தி. திருப்பூரில் பனியன் கம்பெனி மேனேஜர் ஒருவனைக் கலைமதிக்காகப் பார்த்து வைத்திருந்தாள். கலைமதி அவனை வேண்டாம் என்றதிலிருந்து, சித்தியின் மூக்கு எதையாவது மோந்துகொண்டே இருந்தது.

கமலேஷின் அம்மா சின்னம்மைக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஏனுங்க, எம்பட கையால தடவித் தடவிப் பாத்து எடுத்த சேலைங்க. அசல் பட்டு! இல்லீன்னா, இந்தத் தட்டை நானே திருப்பி எடுத்துட்டுப் போயிர்றேனுங்க!"

"எல்லாருங் கேட்டுக்கங்க. சம்பந்தியம்மாவே சொல்லிட்டாங்க!" ரேணுகா செல்போனை உயர்த்திப் பிடித்தாள். "இதோ வீடியோவே இருக்குது. முடி கருகற வாசம் வந்தா பட்டு. இல்லீன்னா டூப்பு."

"அதென்ன, முடி வாசம்?" என்றார் சிவகுரு.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் டியூஷன் எடுக்கும் கலைமதி, வாய் சும்மா இருக்காமல் சொன்னாள்: "பட்டு, புழு கக்கற நூலுங்கப்பா. அது புரதம். நம்ம தலைமுடி, நகம், ஆட்டுக் கொம்பு எல்லாமே புரதந்தான். அதான் எரிஞ்சா ஒரே வாசம்."

"அப்ப என்ற தலையில இருக்கறதும் பட்டுன்னு சொல்லு!"

"உங்க தலையில எங்க மாமா இருக்குது, கொளுத்தறதுக்கு?" என்றாள் ரேணுகா.

சிவகுரு வழுக்கையைத் தடவிக்கொண்டார். சின்னம்மைகூடக் கோபத்தை மறந்து சிரித்துவிட்டாள். கமலேஷ் மட்டும் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாக மூடுபனி உள்ளே வந்துகொண்டிருந்தது. எல்லோரும் ஸ்வெட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு மட்டும் நெற்றியில் வியர்வை.

கலைமதி அதைப் பார்த்தாள். ரேணுகா சேலையை எடுக்கக் கை நீட்டியபோது, அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்கு வந்த சேலை சித்தி. நூலை நானே உருவறேன்."

"பாத்து உருவு. கிழிச்சுப்போடாத."

நாவல்பழக் கறுப்பில் பளபளத்தது சேலை. முந்தானைக் குஞ்சத்தை வெளிச்சத்தில் பார்க்க ஜன்னல் பக்கம் திரும்பிக் குனிந்தாள் கலைமதி. தலை நிறைய வைத்திருந்த மல்லிகை தோளில் சரிந்தது. "ஸ்ஸ்..." என்றாள்.

"என்னடி?"

"குளிருது சித்தி."

திரும்பி வந்தபோது, விரல் நடுவே கறுப்பாக நாலைந்து இழை முறுக்கி இருந்தது.

"சாமி விளக்குல வேண்டாம் அம்மிணி, நல்ல நாளும் அதுவுமா" என்று சிவகுரு அவசரமாக மெழுகுவர்த்தியை ஏற்றினார். "மலை பூரா அணை கட்டிக் கரண்டு எடுக்கறானுங்க. நம்மூட்ல மட்டும் மெழுகுவர்த்தி இல்லாம ஓடவே மாட்டீங்குது."

இழை சுடரைத் தொட்டது. சுருண்டது. அவ்வளவுதான், கூடம் முழுக்கக் குப்பென்று முடி கருகும் வாசம்!

"அய்யோ, மூக்கு போச்சு!" என்று கத்தினார் சிவகுரு, ஏதோ அத்தர் தெளித்ததுபோல ஆனந்தமாக. "அசல்! அசல்!"

ரேணுகா குனிந்து மோந்தாள். நம்பாமல் இன்னொரு தடவை மோந்தாள். சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்தாள், பொடிப்பொடியாக உதிர்ந்தது. வீடியோவில் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது.

"நாந்தான் அப்பவே சொன்னேனுங்களே!" சின்னம்மை நாற்காலியில் மகாராணிபோலச் சாய்ந்துகொண்டாள். "இன்னொரு நூலு வேணும்னாலும் உருவிக்கங்க."

"வேண்டாம் அத்தை!" என்று கலைமதி சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உடுத்திக்கொண்டு வந்து நின்றாள். தட்டு மாறியது. ரேணுகாவே முன்னால் நின்று எல்லோருக்கும் கேசரி பரிமாறினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பின்வாசல் குழாயில் கை கழுவ வந்த கலைமதியின் அருகே கமலேஷ் வந்து நின்றான். குரல் இறங்கியிருந்தது.

"கலை, உங்கிட்ட மறைக்க முடியல. காலையில சந்தேகம் வந்து நானே ஒரு நூலைக் கொளுத்திப் பாத்தேன். உருகி மணி மாதிரி திரண்டுக்கிச்சு, ஒரே பிளாஸ்டிக் வாசம். கடைக்காரன் எங்கம்மாவ ஏமாத்திட்டான். அம்மா அவ்வளவு பெருமையா மடிச்சு வெச்சுட்டிருந்துச்சு, சொல்ல மனசு வரல. ஆனா இங்க மட்டும் எப்படி முடி வாசம் வந்துச்சு?"

கலைமதி காதுக்குப் பின்னால் சிவந்திருந்த இடத்தைத் தடவிக்கொண்டாள்.

"பின்ன, முடியக் கொளுத்துனா மல்லிகைப்பூ வாசமா வரும்? நாலஞ்சு முடிய ஒண்ணாப் பிடுங்கினேனுங்க, உசுரே போயிருச்சு. ஆயுசுக்கும் மறந்துராதீங்க!"