‘மூ’ போட்ட இடம்

“மூச்சு கேக்குது மேடம்,” என்றார் ஒலிப்பதிவாளர், கண்ணாடித் தடுப்புக்கு அப்பாலிருந்து.

மூன்றாவது தடவை. அதே பாட்டு, அதே இடம்.

“நான் எடுத்த மாதிரியே தெரியலையே,” என்றாள் பாடகி. பிறகு, “எடுத்திருப்பேன். வயசாகுதில்ல,” என்று தானே ஒப்புக்கொண்டாள்.

“மூணு எண்ண வரலைன்னா சொல்லுக்கா. நான் விரல் காட்டறேன்,” என்றான் பியானோக்காரன்.

“உன் விரல் பத்தும் முதல்ல சரியான கட்டையில விழட்டும்.”

சிரிப்பு எழுந்தது.

போன வருடம் காலமான மாஸ்டரின் ஜாஸ் பாட்டுகள். இரண்டு வருடமாகப் பாடகி வேறு எதையும் பாடவில்லை. இவை இசைத்தட்டாக வெளிவர வேண்டுமானால் மாஸ்டரின் மகள் கையெழுத்துப் போட வேண்டும். ஏற்கெனவே இரண்டு பாடகிகளை, “இது அப்பா பாட்டு இல்லை” என்று திருப்பி அனுப்பியவள்.

அந்த மகள் இப்போது மைக்குக்கு நான்கடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தால் பாட்டு செத்துக் கேட்கிறதாம்.

மாஸ்டரின் தாளில், நீண்ட வரி முடிகிற இடத்தில், பென்சிலால் ‘மூ’ என்று எழுதியிருக்கும்.

மூன்று எண்ணிவிட்டுப் பாடு என்று அர்த்தம். அந்த மூன்றும் சுத்த மௌனம். அவருடைய பேண்டில் இருந்த அத்தனை பேரும் அப்படித்தான் செய்தார்கள். அந்த மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கட்டுரைகள் வந்திருக்கின்றன.

“அது மூணு இல்லை,” என்றாள் மகள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“மூச்சு. அம்மாவுக்காக எழுதினது. அவங்கதான் முதல்ல பாடினாங்க, வீட்டுல. அதுக்கு மேல அவங்களால இழுக்க முடியாது. மார்புல ஏதோ. என்னன்னு கண்டுபிடிக்கறதுக்குள்ள போயிட்டாங்க. எனக்கு அப்போ ஒரு வயசு.”

“மாஸ்டர் ஒரு தடவைகூட சொன்னதில்லையே,” என்றான் பியானோக்காரன்.

“ஊரெல்லாம் மூணுன்னு சொல்லிச்சு. அவரும் விட்டுட்டார். அம்மா குரல் எந்தப் பதிவுலயும் கிடையாது.”

பாடகி மைக்கின் முன் போய் நின்றாள். அந்த இடம் இன்னொருத்தியுடையது. அங்கே தன் மூச்சை வைக்க மனம் வரவில்லை.

வரிக்கு முன்பே நெஞ்சு நிறையக் காற்றை இழுத்துக்கொண்டாள். ‘மூ’ வந்ததும் உதடுகளை இறுக மூடி, அசையாமல் நின்று, மூன்று எண்ணிக் கடந்தாள்.

ஒலிப்பதிவாளர் அதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார்.

நீண்ட வரி முடிந்தது. பியானோ நின்றது.

ஒரு மூச்சு.

மெல்லியது. இழுப்பின் முடிவில் நூல் பிரிகிற மாதிரி ஒரு கீச்சு.

பாடகிக்குக் கைமயிர் சிலிர்த்தது. மைக்கைச் சுற்றியிருந்த காலி இடத்தைப் பார்த்தாள். இத்தனை வருடம் கழித்து ஒருத்தி தன் பாட்டைத் தேடி வந்துவிட்டாளா?

“இதை வெட்டாதீங்க,” என்றாள் மகள். கண்கள் கலங்கியிருந்தன. “இன்னொரு தடவை போடுங்களேன்.”

மறுபடி ஓடியது. இந்த முறை பாடகி மகளையே பார்த்தாள்.

மகளின் உதடுகள் பாட்டோடு சத்தமில்லாமல் அசைந்தன. நீண்ட வரி முடிந்ததும் அவள் தோள்கள் மேலேறின.

ஸ்பீக்கரில் ஒரு மூச்சு. நாற்காலியிலும் அதே மூச்சு. அதே கீச்சு.

அவளுக்கு அது தெரியவே இல்லை. ஒப்பந்தத் தாளை மடியில் விரித்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

ஒரே ஒரு கையெழுத்து. இரண்டு வருட உழைப்பு கரையேறிவிடும்.

பாடகி போய் அந்தத் தாளின் மேல் கையை வைத்தாள்.

“இது கிடக்கட்டும்மா,” என்றாள். “நீ கடைசியா டாக்டர்கிட்ட காட்டினது எப்போ?”