ஒற்றைக் காலில் ஏழாம் வாய்ப்பாடு

நான் ஒரு முயல். வகுப்பில் ஆமை டீச்சர் என் பெயரைச் சொன்னாலே என் கால்கள் வாசலைப் பார்த்து ஓடிவிடும்; நானும் கூடவே போயாக வேண்டும். ஏழாம் வாய்ப்பாட்டை ஒருநாளும் முடித்ததில்லை. குரங்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அவனை ஓர் உதை விடுவதற்காகவே கொக்கு மாஸ்டரின் கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். வெள்ளை பெல்ட்டைக் கட்டியதுமே பாதி வீரனாகிவிட்டதாக எனக்கு நினைப்பு.

"மாஸ்டர், உதைக்க எப்போ சொல்லித் தருவீங்க?"

"முதல்ல ஒத்தைக் கால்ல நில்லு. மூச்சை மெதுவா விடு. ஓடாதே."

மழைக்காலம் முழுக்க நின்றேன். நின்றதைவிட விழுந்ததுதான் அதிகம். உதை மட்டும் வரவேயில்லை.

ஒருநாள் ஆமை டீச்சர் மறுபடியும் என்னை எழுப்பினார். குரங்கு சிரிக்கத் தொடங்கினான். என் கால்கள் துடித்தன. பழக்க தோஷத்தில் ஒரு காலைத் தூக்கி, மூச்சை மெதுவாக விட்டேன். அப்படியே நின்று வாய்ப்பாட்டைக் கடைசிவரை சொல்லிவிட்டேன். வகுப்பே கைதட்டியது. நம்பிக்கை வராமல், நான் இன்னொரு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

மணி அடித்ததும் குரங்கு தயங்கித் தயங்கி வந்தான்.

"டேய், உங்க மாஸ்டர் என்னையும் சேர்த்துக்குவாரா? எனக்கு எட்டாம் வாய்ப்பாடே வராதுடா."

"நீதானே என்னைப் பார்த்துச் சிரிச்ச?"

"சிரிச்சா, டீச்சர் என்னைக் கேக்க மறந்துடுவாங்க."

மறுநாள் கராத்தே வகுப்பில் குரங்கு என் பக்கத்தில் நின்று காலைத் தூக்கினான். தூக்கிய வேகத்தில் சேற்றில் விழுந்தான். சிரிக்காமல் நிற்பதுதான் அன்று மாஸ்டர் எனக்குக் கொடுத்த பயிற்சி. அதில் நான் தேறவில்லை.