வாரத்துக்கு மூன்று மணி நேரம்

கலிஃபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் அறிவின் விலை மணிக்கு எண்பது டாலர். வீட்டுக்குத் தூக்கிவந்து திருத்தும் தாள்களுக்கு ஒரு காசும் கிடையாது.

"வாரம் எத்தனை மணி நேரம், மேடம்?" என்று தொலைபேசியில் கேட்டார் வேலையின்மை உதவித்தொகை அலுவலர் எர்னெஸ்டோ.

"சம்பளம் மூணு மணி நேரத்துக்கு. வேலை பன்னிரண்டு மணி நேரம்," என்றாள் பகுதிநேரக் கல்லூரி ஆசிரியை மாரல்.

"அப்போ வாரம் இருநூத்தி நாப்பது. உழைப்புக்குப் பார்த்தா மணிக்கு இருபது. பர்கர் கடையிலயே இவ்வளவு தர்றாங்களே!"

"அங்க சாப்பாடும் உண்டு, சார்."

"கோடை லீவு முடிஞ்சதும் வகுப்பு நிச்சயமா உண்டா? நிச்சயம்னா உதவித்தொகை கிடையாது."

"இருபது பேர் பணம் கட்டினாத்தான் வகுப்பு. பத்தொன்பதுல நிக்குது. செவ்வாய் சாயங்காலம், கணக்குப்பதிவியல் பாடம்."

மறுமுனையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

"அட்டவணையில ஆசிரியர் பேருக்குப் பதிலா 'ஊழியர்'னு போட்டிருக்கே, அதுவா?"

"பகுதிநேரக்காரங்களுக்குப் பேர் ஏது? ஆமா, உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னைக்குச் சாயங்காலம் அதுக்குத்தான் பணம் கட்டறதா இருந்தேன்."

"அப்போ இருபது ஆயிடுமே, சார். என் உதவித்தொகை?"

"பணம் கட்டக் கடைசி நாள் ஆகஸ்ட் பத்து, மேடம். அன்னைக்கே கட்டிக்கறேன், அதுவரைக்கும் பத்தொன்பதுதான்," என்ற எர்னெஸ்டோ படிவத்தை நிரப்பினார்: மாணவர்கள், பத்தொன்பது. உதவித்தொகை, வாரம் நூற்றிருபது டாலர்.