ஈவிரக்கம் இல்லாத ஆட்டம்

“அந்தப் பொண்ணுக்கு நெஞ்சுல ஈரமே இல்லீங்க” என்றார் பக்கத்து இருக்கைக்காரர்.

சலூன்காரர் இருக்கை நுனிக்கு நகர்ந்தார். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் தோற்றுக்கொண்டிருந்தது அவர் மனைவி.

ஸ்குவாஷ் கோர்ட்டில் அவளுக்கு இதுதான் கடைசி ஆட்டம். இன்றோடு ஓய்வு என்று அறிவித்துவிட்டுத்தான் உள்ளே போயிருந்தாள். பதினைந்து வருஷமாக ஒரு பையும் நாலு ராக்கெட்டுமாக ஊர் ஊராகப் பறந்தவள். பெரிய கோப்பை எதுவும் வீட்டுக்கு வந்ததில்லை. உலகத் தரவரிசையில் முதல் நாற்பதுக்குள் வந்தது ஒரே ஒரு தடவை. அந்த வாரம் அவர் கடைக்கு வந்த ஒரு தலையும் அந்தச் செய்தியைக் கேட்காமல் எழுந்து போனதில்லை.

எதிரில் ஆடியவள் ஒன்றும் வேற்றாள் இல்லை. வாண்டு. பள்ளிக்கூடப் பிள்ளையாகப் போட்டிகளுக்கு வர ஆரம்பித்தபோது இவள் வைத்த பெயர். வளர்ந்து ஆளான பிறகும் அதுவே நிலைத்துவிட்டது. வெளியூரில் இரண்டு பேரும் ஒரே அறைதான். அக்காவின் சோப்பு, அக்காவின் சாக்ஸ், அக்காவின் போர்வையில் பாதி என்று எல்லாவற்றிலும் பங்கு கேட்பவள். வீட்டுக்கு வந்தால் நேராகக் கடைக்குள் நுழைந்து, “மாமா, முன்முடி மட்டும் கொஞ்சம்” என்று சுழல் நாற்காலியில் ஏறிக்கொள்வாள்.

அந்த வாண்டுதான் இன்று இப்படி ஆடினாள்.

முதல் கேம் பதினொன்றுக்கு இரண்டு. அடுத்தது பதினொன்றுக்கு ஒன்று. மூச்சு வாங்கவே நேரமில்லை. சர்வீஸ் போட்ட கையோடு புள்ளியை முடித்தாள். சுவரும் தரையும் சேருகிற மூலையில் பந்து பட்டு, எழும்பாமல் அப்படியே செத்து விழுந்தது. அக்கா திரும்பிப் பார்ப்பதற்குள் அடுத்த சர்வீஸுக்குத் தயாராக நின்றாள். சிரிப்பில்லை. முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

“வழியனுப்புற ஆட்டம். நாலு பந்தை விட்டுக் குடுத்தா என்ன, குறைஞ்சா போயிடுவா?” என்றார் பக்கத்து இருக்கைக்காரர். “நாமளும் ரெண்டு கைதட்டு தட்டிட்டுப் போவோம்ல.”

“அதானே” என்றார் சலூன்காரர்.

மூன்றாவது கேமும் அதே கதிதான். பூங்கொத்து வாங்கப் போன சங்கச் செயலாளர் திரும்பி வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. வாண்டு அக்காவின் இடுப்பில் கை போட்டு வெளியே அழைத்துப் போனாள். அதுவும் சலூன்காரருக்கு நடிப்பாகத்தான் பட்டது.

நடைபாதையில் தனியாக வந்த வாண்டுவை மடக்கினார்.

“ரொம்ப நல்லா வழியனுப்பி வெச்சம்மா.”

“மாமா…”

“ஜெயிக்க வேணாம்னு சொல்லல. தாராளமா ஜெயிச்சுக்கோ. ஆனா கொஞ்ச நேரமாவது அவளை உள்ள நிக்க விட்டிருக்கலாம்ல? இவ்வளவு வருஷம் ஆடினவ. கடைசியா ஒரு தடவை கண்ணு நிறையப் பார்க்கலாம்னு கடையை மூடிட்டு வந்தேன். வேற யாராவது இப்படிப் பண்ணியிருந்தா எனக்கு வலிச்சிருக்காது.”

வாண்டுவின் கண் கலங்கிவிட்டது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

“அக்கா முதலுதவி ரூம்ல இருக்காங்க. நீங்க போங்க மாமா” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

முதலுதவி அறையில் மனைவி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கால் வீங்கிப் பளபளத்தது. அதன் மேல் ஐஸ் பை.

“நீங்கதான் வீட்டுக்காரரா?” என்றார் டாக்டர். “உள்ள ஜவ்வு பாதி கிழிஞ்சிருக்கு. ஆடவே கூடாதுன்னு போன மாசமே சொல்லியாச்சு. இன்னும் கொஞ்ச நேரம் ஓடியிருந்தா முழுசா அறுந்திருக்கும். அப்புறம் மாடிப்படி ஏறுறதே பெரும்பாடுதான்.”

டாக்டர் வெளியே போனதும் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே.”

“சொன்னா விட்டிருப்பீங்களா?”

“எப்படி விடுவேன்?”

“அதான் சொல்லல. கால் வலின்னு வீட்ல உக்காந்தபடியே முடிச்சுக்க மனசு வரலைங்க. பாதியில கையைத் தூக்கிட்டு வெளிய வரவும் பிடிக்கல. தோத்தாலும் முழுசா ஆடித் தோக்கணும்னு இருந்துச்சு.”

அவர் அவளுடைய ஷூவைக் கழற்றி, பாதத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். வேர்வையில் ஊறிய சாக்ஸை மெல்ல உருவினார்.

“வேற யாருக்கும் தெரியாதா?”

“வாண்டுக்குத் தெரியும். ஆடாதீங்கக்கான்னு நேத்துப் பூரா கெஞ்சினா. உங்ககிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு அவகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

அவர் நிமிரவில்லை. அவள் உற்றுப் பார்த்தாள்.

“என்ன, அவளைத் திட்டிட்டீங்களா?”

“திட்டிட்டேன்” என்றார் தணிந்த குரலில். பிறகும் மனசு ஆறவில்லை. “ஆனா, தெரிஞ்சவ கொஞ்சம் பார்த்து மெதுவா ஆடியிருக்கலாம்ல?”

அவள் வலியோடு சிரித்தாள்.

“மெதுவா ஆடினா நான் ஓடியிருப்பேனே. எட்டுற பந்தை நான் விடவே மாட்டேன்னு அவளுக்குத் தெரியும்ங்க. அதான் ஒரு பந்தைக்கூட எனக்கு எட்டுற இடத்துல போடல.”