மூன்று நோய்க்கு ஒரு ஊசி

"இஞ்சாருங்கோ, எனக்கு ஊசி வேண்டாம் எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ."

அம்புறோஸ் அதை மொழிபெயர்க்கவில்லை. செலீன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த விதத்திலேயே நேர்ஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

பிரெஞ்சு பேசும் லொங்கேய் நகரத்தில் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு கார்டெரி, பகல்நேரப் பிள்ளைகள் காப்பகம், அது. செலீன் அங்கே சமையல். அவள் புருஷன் அம்புறோஸ் துப்புரவு. முந்தாநாள் அங்கே ஒரு பிள்ளைக்குச் சின்னமுத்து என்று தெரிந்தது. அந்தப் பிள்ளை படுத்த மெத்தையைக் கழுவிப் போட்டதும் அம்புறோஸ்தான். இன்று காலையில் சுகாதார அலுவலகத்திலிருந்து நேர்ஸ் பெட்டியோடு வந்து, விளையாட்டு அறையில் ஒரு குட்டிக் கதிரையில் இருந்துகொண்டு, எதிரே இன்னொன்றில் செலீனை இருத்திவிட்டாள்.

"சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா. மூண்டுக்கும் சேர்த்து ஒரு ஊசிதான்," என்றான் அம்புறோஸ். "மூண்டு தரம் குத்தமாட்டினம்."

"ஒருக்காக் குத்தினாலே நான் விழுந்திடுவன். கொழும்பில மெடிக்கலுக்கு ரத்தம் எடுக்கேக்கை விழுந்தனான்."

"இஞ்ச விழுந்தாலும் தூரமில்லை. கதிரை ஒரு அடிதான்."

அவன் சிரிக்காமல்தான் சொன்னான். முந்தாநாளிலிருந்தே அவன் முகம் சரியில்லை. நேற்றுச் சாப்பாட்டையும் பாதியில் வைத்துவிட்டு எழும்பிவிட்டான். தன்னை நினைத்துத்தான் இந்தக் கவலை என்று செலீனுக்குப் பட்டது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

நேர்ஸ் பட்டியலைப் பார்த்துப் பிரெஞ்சில் ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"எழுபதாம் ஆண்டுக்கு முன்னம் பிறந்த ஆக்களுக்கு ஊசி தேவையில்லையாம். அந்தக் காலத்தில எல்லாருக்கும் சின்னமுத்து வந்து போயிருக்குமாம். நான் அறுபத்தெட்டு, எனக்கு இல்லை. நீர் எழுபத்தொண்டு, உமக்கு இருக்கு. போடாட்டி ரெண்டு கிழமைக்கு இந்தப் பக்கம் வரேலாதாம்."

செலீன் புருஷனைப் பார்த்தாள். ஊசியைப் பார்த்தாள். பன்னிரண்டு வருஷமாகப் புருஷனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தாள். இப்போது ஊசி முந்திக்கொண்டது.

"நான் எழுபத்தொண்டு இல்லை," என்றாள்.

"என்ன?"

"அறுபத்தேழு. சண்டையில பதிவுக் கந்தோர் எரிஞ்ச பிறகு புதுப் பத்திரம் எடுக்கேக்கை, அம்மா நாலு வருஷத்தைக் குறைச்சுப் போட்டா. உங்களை விட நான் ஒரு வயசு மூப்பு." அவள் கைகள் இன்னும் முதுகுக்குப் பின்னாலேயே இருந்தன. "கலியாணம் குழம்பிடும் எண்டு அம்மா சொல்ல விடேல்லை. பேந்து சொல்ல எனக்குத் துணிவு வரேல்லை."

அம்புறோஸ் நேர்ஸின் பக்கம் திரும்பி, மழை வரும் என்று சொல்கிற மாதிரி எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொன்னான். நேர்ஸ் பட்டியலில் விரலை வைத்து இரண்டு வார்த்தை பதில் சொன்னாள்.

"என்ன சொல்லுறா?"

"தாளில இருக்கிறதுதானாம் வயசு. தேவையில்லாமல் போட்டாலும் ஒண்டும் செய்யாதாம். கையை நீட்டும்."

செலீன் கண்ணை இறுக மூடினாள். ஒரு கடி. அவ்வளவுதான். விழவில்லை. உண்மையைச் சொல்லியும் ஊசியிலிருந்து தப்பவில்லையே என்ற எரிச்சலில் மயங்க மறந்துபோனாள்.

"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை," என்றாள், பஞ்சை அழுத்திப் பிடித்தபடி. "கோவமெண்டால் ஏசிப்போட்டு விடுங்கோ. இப்பிடி நிக்காதையுங்கோ."

"எழும்பும். நான் இருக்கவேணும்."

"ஏன்?"

"எனக்கும் ஊசி போடவேணும்."

"உங்களுக்கு என்னத்துக்கு? நீங்கள் அறுபத்தெட்டெல்லோ?"

"அது தரகர் பத்திநாதர் கலியாணம் பேசேக்கை பத்திரத்தில கூட்டிப் போட்ட வயசு." அம்புறோஸ் கதிரையில் இருந்து நேர்ஸிடம் கையை நீட்டினான். "நான் எழுபத்துமூண்டு. உம்மை விட ரெண்டு வயசுதான் இளமை எண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தன்."