பனிப்பூதத்தின் பெண்டாட்டி

"யாருப்பா இங்க படம் போடற மகராசன்?"

புருல்சா நுழைந்த வேகத்தில் பத்திரிகை ஆபீஸின் கதவு சுவரில் மோதித் திரும்பியது. உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் ஒரே மூலையைக் கை காட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

மூலையில் ஜானிபெக் உட்கார்ந்திருந்தான். அரைத் தாடி. இரண்டு கையிலும் கறுப்பு மை.

அவன் முன்னால் பத்திரிகையைப் பொத்தென்று போட்டாள் புருல்சா. "இது யாரு?"

"பனிப்பூதம்க்கா."

படத்தில் ஒரு தடியன். மீசையிலிருந்து பனிக்கட்டி தொங்கியது. முதுகில் கறுப்பு அங்கி. பிரசவ ஆஸ்பத்திரியின் வெந்நீர்க் குழாய்களைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு, குளிரில் நடுங்கும் கர்ப்பிணிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பூதமா? இது என் வீட்டுக்காரர்!"

"ஓ... சகிம்பாய் அண்ணன் வீட்டு அக்காவா? உட்காருங்க. டீ சாப்பிடறீங்களா?"

"உன் டீயை நீயே குடி."

அக்-தோபோ மாதிரி ஒரு கிர்கிஸ் மலையூரில் குழாயில் வெந்நீர் ஓடி வீட்டைச் சூடாக்கினால்தான் குளிர்காலத்தில் உயிர் வாழலாம். அந்த வெந்நீர் ஆபீஸுக்குத் தலைவர் சகிம்பாய். குழாய் எங்கே வெடித்தாலும் வாரப் பத்திரிகையில் பனிப்பூதம் வந்துவிடும்.

"போன வாரம் ஒரு கல்யாண விருந்து" என்று ஆரம்பித்தாள் புருல்சா. "பெரிய மனுஷன்னு அவருக்கு ஆட்டுத்தலை வைக்கிறதுதானே மரியாதை? கழுத்தெலும்பை வச்சாங்க. 'பூதத்துக்கு இது போதும்'னு ஒருத்தன் சொல்றான், பந்தியே சிரிக்குது. சந்தையில கோஸ் விக்கிறவ, 'உங்க வீட்டுல பிரிட்ஜ் வாங்கவே வேண்டாமே'ங்கிறா. நான் எங்க போய் முட்டிக்க?"

"அண்ணன் என்ன சொல்றாரு?"

"அவர் எங்க சொல்றாரு! 'மீசை நல்லா வந்திருக்கு'ன்னு பார்த்துச் சிரிக்கிறாரு. சூடு சொரணை இருந்தா நான் ஏன் வர்றேன்?"

ஜானிபெக் சிரிப்பை மென்று விழுங்கினான்.

"அது போகட்டும். அந்த மெலிஸை ஏன் பறக்க விடறே?"

மெலிஸ் நகரசபை உறுப்பினர். இந்தப் படம் வெளிவந்த பிறகு ஆஸ்பத்திரிக்குப் புதுக்குழாய் வந்தபோது, கேமராவுக்கு முன்னால் அதைத் திறந்துவிட்டவர். படத்தின் இன்னொரு மூலையில் சிவப்பு அங்கியும் கல்பாக் தொப்பியுமாக, 'அனல்வீரன்' என்ற பெயரில் பறந்துகொண்டிருந்தார்.

"அவனுக்குத் தன் வீட்டு அடுப்பையே பத்த வைக்கத் தெரியாது. அவன் வீரன், என் புருஷன் பூதமா?"

"அக்கா, நானா எதையும் கட்டிவிடல. அண்ணன் ஆபீஸ்லயே வேலை பார்க்கிற ஒரு பெரியவர் போன்ல சொல்றாரு. எங்கெங்க குழாய் போச்சுன்னு புட்டுப் புட்டு வைப்பாரு. பேர் மட்டும் சொல்ல மாட்டாரு."

"எந்தக் களவாணி அவன்? என் கையில மட்டும் கிடைச்சான்..."

மேஜையில் கிடந்த போன் அடித்தது.

"ஸ்ஸ்... அவர்தான்க்கா! சத்தம் காட்டாதீங்க." கையெல்லாம் மை. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினான் ஜானிபெக்.

"தம்பி... நான்தான்..."

வாயில் துணியை அடைத்துக்கொண்டு, கிழவன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசியது குரல். திட்டுவதற்காக வாயைத் திறந்த புருல்சா, திறந்தது திறந்தபடியே நின்றாள்.

கல்யாணமான நாளிலிருந்து போர்வைக்குள்ளே கேட்கிற குரல். துணியென்ன, மலையையே குறுக்கே வைத்தாலும் அவளுக்குத் தெரியாமல் போகுமா?

"சீக்கிரம் சொல்லிடறேன் தம்பி. வீட்டுக்காரி எங்கேயோ வெளிய போயிருக்கா, எந்த நேரமும் வந்துடுவா. ஆத்தோரத்துப் பாலர் பள்ளியில பாய்லர் போயிடுச்சு. பிள்ளைங்க கோட்டு, தொப்பியோட தூங்குதுங்க. தலைநகரத்துல புதுசு கேட்டுக் கேட்டு என் நாக்கே வறண்டு... வந்து, எங்க தலைவரோட நாக்கு."

"யாரைப் போடலாம் பெரியவரே?"

"வேற யாரு, அந்தச் சகிம்பாயைத்தான். பாய்லரைக் கடிச்சுத் தின்னுற மாதிரி போடு. ஆஸ்பத்திரிப் படத்தைப் பார்த்துத் தலைநகரமே சிரிச்சுது. அந்த வாரமே குழாய் வந்து இறங்கிச்சா இல்லையா? நாலு பேர் சிரிச்சாத்தான் அங்க இருக்கிற அதிகாரிங்களுக்கு வெக்கம் வருது. மெலிஸையும் விட்டுடாத. படத்துல தன்னைப் பார்த்தாத்தான் அந்த ஆளு சபையில எழுந்து கத்துவான்."

"சகிம்பாய் அண்ணன் பாவமில்லையா?"

"அவனுக்கென்ன, தோல் தடிச்சவன். அவன் பொண்டாட்டியை நினைச்சாத்தான்... விருந்துக்குப் போனா முகம் வாடித் திரும்பி வர்றா." குரல் கிழவனை மறந்துவிட்டிருந்தது. "அவகிட்ட சொல்லவும் முடியல. சொன்னா ஊரைக் கூட்டி நியாயம் கேட்டுடுவா. அப்புறம் படமும் போச்சு, பாய்லரும் போச்சு. வச்சிடறேன் தம்பி."

ஜானிபெக் அதற்குள் பென்சிலை எடுத்து பாய்லரை வரைய ஆரம்பித்துவிட்டான்.

"கேட்டீங்கல்ல? அவர் ஆபீஸ் ஆளே சொல்றாரு. இனிமேலும் நான் நிறுத்தணுமாக்கா?"

புருல்சா தலைத்துணியை அவிழ்த்தாள். அதிலேயே கண்ணையும் மூக்கையும் துடைத்தாள். மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

"யாரு நிறுத்தச் சொன்னா? முதல் பக்கத்துல பெரிசா போடு."

"அக்கா!"

"ஆனா ஒண்ணு. பூதம் தனியா நிக்குது, பார்க்க நல்லாயில்ல. பக்கத்துல என்னையும் போட்டுடு. கொம்பு, கோரைப்பல்லு எதையும் விடாத."