தும்மலில் நின்ற ராட்டினம்

இந்த ராட்சத ராட்டினத்தை ஒரே தும்மலில் நிறுத்தியவன் நான். அன்று ஜப்பானே ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதற்குச் சாட்சி என் மனைவி ஃபுமியே ஒருத்திதான். அவளும் போன குளிர்காலத்தில் போய்விட்டாள். பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கம் பாய்ந்து இறங்கும் புது விளையாட்டு ரயிலில் அலறுகிறார்கள். பூங்காவின் இந்தப் பழைய மூலையில் காலிக் கூண்டுகள் கிறீச்சிட்டபடி ஏறி இறங்குகின்றன. எங்கள் கூண்டின் எதிர் இருக்கையில் மாலை வெயில் உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் ஃபுமியேவின் பங்காக நான் வைத்த சோற்றுருண்டை. மகள் சிஸுரு என்னோடு நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"பாவம் அம்மா, உங்க புளுகுக்கெல்லாம் தலையாட்டியே கழுத்து வலி வந்துச்சு."

உச்சியில், ஜன்னல் இடுக்குக் காற்று மூக்கில் ஏறுகிறது. மலையே அதிரத் தும்முகிறேன். ராட்டினம் நிற்கிறது. கூண்டு ஆடுகிறது, சோற்றுருண்டையைச் சுற்றிய தாள் சரசரக்கிறது. சிஸுரு கண்ணாடியில் நெற்றியைப் பதித்துக் கீழே பார்க்கிறாள். அங்கே கைத்தடி ஊன்றிய ஒருவரை ஊழியர் மெல்லக் கைத்தாங்கலாக அடிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். நானும்தான் பார்க்கிறேன். அவள் அதைச் சொல்லிவிடுவாள் என்று காத்திருக்கிறேன். அவளோ எதிர் இருக்கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நின்னுச்சுப்பா. நானே பார்த்தேன். இனிமே யார் கேட்டாலும் நான் சொல்றேன்."